நாலாம் நிலையிலிருந்து இறங்கியது

1

செல்வி, பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது செல்வி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். இந்தத் தைச்சுங் நகரத்து மொழிப் பள்ளியில் நான் மாண்டரின் சீனம் படித்து வாங்கிய முதல் சான்றிதழ் அது. 'முதல் நிலை, தேர்ச்சி' என்று போட்டு முத்திரை குத்தியிருக்கிறது. செல்வி முத்திரையைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தாள்.

"இந்தத் தேதிக்கு நீ தைவான் வந்து மூணு வருஷம் ஆச்சேப்பா. ரெண்டு வருஷத்துலயே நல்லா பேசினேன்னு உன் ஃபேக்டரியில எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு 'பூனை, குடை' படிக்கிற கிளாஸ்ல போயி உக்காந்தே? அதனாலதான் எங்கள ரெண்டு வருஷம் லேட்டா கூப்ட்டேன்னு அம்மா சொல்றாங்க. நெஜமா?"

நான் காகிதத்தை வாங்கி, தூசு தட்டி, மறுபடியும் அலமாரியில் வைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் சீனத்தில் வேகமாக என்னமோ பேசிச் சிரித்தீர்கள். "அப்பா மறுபடியும் ஊமையாயிட்டாரு" என்றான் பிரபு. வேகமாகப் பேசினால் அப்பாவுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். புரியும். இப்போது படிக்கவும் தெரியும். அது எப்படித் தெரிந்தது என்பதுதான் செல்வி கேட்ட கேள்விக்குப் பதில்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செல்விக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். பிரபுவுக்கு அதுவும் வராது, அவனுக்கு அக்கா படித்துக் காட்டட்டும். முடித்ததும் அம்மாவிடம் கொடுங்கள். அவளுக்கும் இது தெரியாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவளிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் இது ஒன்றுதான்.

2

மெட்ராஸில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை நாங்கள் எஸ்டேட் என்போம். அதை ஒட்டி மண்ணூர்பேட்டை. அங்கேதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் ஒரு பலகை தொங்கும். 'ஆட்கள் தேவை: ஹெல்பர், பிட்டர், பிரஸ் ஆபரேட்டர்.' காலை எட்டு மணிக்கு வாசலில் போய் நின்றால் உள்ளே இருந்து ஒருவர் வந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"பிரஸ் தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவுதான், உள்ளே போய்விடலாம். தெரியாது என்று சொன்னவன் அப்படியே ரோட்டில் நிற்பான். அதனால் யாருமே தெரியாது என்று சொல்வதில்லை. ஹெல்பர் வேலைகூடத் தெரியாதவன் பிட்டர் என்பான், பிட்டர் தன்னை டர்னர் என்பான். குட்டு வெளியாவதற்கு மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளில் பக்கத்து ஆளைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட வேண்டும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் தொழில் படித்தோம். எஸ்டேட்டில் அது பொய் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. வாசல்படி மாதிரி அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

நானும் 'தெரியும்' என்று சொல்லித்தான் டை செட்டர் ஆனேன். பிரஸ் என்பது தகட்டை அழுத்தி வெட்டுகிற மெஷின். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு இரும்புத் தலை. பெடலை மிதித்தால் தலை இறங்கித் தகட்டை வெட்டும். அந்த அச்சுக்குப் பெயர் டை. அதைப் பொருத்திக் கொடுப்பது செட்டர் வேலை. உட்கார்ந்து மெஷினை ஓட்டுகிறவன் ஆபரேட்டர்.

எங்கள் ஆபரேட்டர் ஏகாம்பரம். நாங்கள் ஏகா என்று கூப்பிடுவோம். என் வயசுதான். அவனை உள்ளே சேர்த்துவிட்டவனே நான்தான். "நாலு மாசம் பிரஸ் ஓட்டிகினு இருந்தான் மொதலாளி, நான் பாத்திருக்கேன்" என்று சொன்னேன். அவன் அதுவரை ஓட்டியது மாவு மெஷின்.

3

இங்கே தைவானுக்கு நான் வந்த கதை உங்களுக்குத் தெரியும். அம்பத்தூரில் நான் கடைசியாக இருந்த கம்பெனிக்குப் புது பிரஸ் மெஷின்கள் பொருத்த இங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மாசம் அவர்களோடு கூட இருந்து வேலை செய்தேன், பிடித்துப்போய்க் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிரபுவுக்கு அப்போது இரண்டு வயசு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டு வருஷத்தில் பேச்சு வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் திட்டுவதிலிருந்து கற்றுக்கொண்ட பேச்சு. 'ஸ்பேனரை எடு, இறுக்கு, போதும், உன் கண் எங்கே இருக்கிறது' இப்படி. எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. கழிப்பறைக் கதவில்கூடப் படத்தைப் பார்த்துத்தான் போவேன்.

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு, இந்தியாவுக்குப் போகும் மெஷின்கள் அதிகமாகிவிட்டன, சோதனைப் பிரிவில் உன்னைப் போடுகிறேன் என்றார். மெஷின் பெட்டியில் ஏறுவதற்கு முன்னால் அதன் சுவிட்ச் பலகையில் எழுதியிருப்பதையும் கூட வரும் புத்தகத்தையும் படித்து, 'சரி' என்று கையெழுத்துப் போடுகிற வேலை. அந்த வேலை கிடைத்தால் குடும்பத்தைக் கூப்பிட விசா கிடைக்கும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. மொழிப் பள்ளியில் நாலாம் நிலை முடித்த சான்றிதழ் வேண்டும்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கப் பள்ளியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பரீட்சை என்றால் பேச்சுதான். லின் என்று ஒரு ஆசிரியை, ஐம்பது வயசு இருக்கும், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். ஊர் எது, என்ன வேலை, என்ன சாப்பிட்டாய். நான் பட்டறையில் பேசுகிற மாதிரியே பேசினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே! எழுத்து எவ்வளவு தெரியும்?" என்றார்.

எனக்கு முன்னால் இருந்தது ஒரு மேஜைதான். ஆனால் மண்ணூர்பேட்டைப் பட்டறை வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. வாய் தானாகச் சொல்லியது.

"தெரியும்."

"நாலாம் நிலையில் சேருங்கள். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம்."

அடுத்த வருஷம் பொங்கலுக்கு நீங்கள் எல்லாரும் இங்கே இருப்பீர்கள் என்று அன்றைக்கே அம்மாவுக்குக் கடிதம் போட்டேன்.

4

இப்போது ஏகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மண்ணூர்பேட்டைப் பட்டறைக்கு ஒரு பழைய பிரஸ் வந்தது. எங்கேயோ ஓடித் தேய்ந்து, கப்பலில் வந்து, கை மாறி வந்த தைவான் மெஷின். புத்தகம் எதுவும் கூட வரவில்லை. பக்கத்தில் ஒரு பலகை, அதில் திருகுகிற சுவிட்ச் ஒன்று, அதைச் சுற்றி மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இரண்டு சீன எழுத்து. அந்த எஸ்டேட்டிலேயே அதைப் படிக்க ஆள் கிடையாது.

ஏகா அந்த எழுத்துகளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பான். "மச்சான், இந்த மூணாவதப் பாரேன், தேர் மாரி கீது. கீய சக்கரம் வெச்சி இசுத்துகினு போறாங்க" என்பான். அதிலிருந்து மூணாவது இடத்துக்கு எங்களுக்குள் பெயரே தேர்தான்.

முதல் இரண்டு இடத்தையும் நான் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். முதலாவதில் வைத்தால் தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அது டை பொருத்துவதற்கு. இரண்டாவதில் ஒரு மிதிக்கு ஒரு தடவை இறங்கி ஏறி நிற்கும், அதுதான் வேலைக்கு. மூன்றாவதைத் திருப்பப் போனபோது முதலாளி வந்து நின்றார்.

"ஏம்பா, எல்லாம் தெரிஞ்சிபோச்சா? அது இன்னா மூணாவது?"

பக்கத்தில் எண்ணெய் பம்பு இருந்தது. "அது ஆயிலுக்கு மொதலாளி, நமக்குத் தேவப்படாது" என்றேன்.

அதற்கப்புறம் அதை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பார்த்தால், எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் இல்லையா?

இரண்டு மாசம் கழித்து ஆயுத பூஜை. பட்டறையையே கழுவினோம். ஏகா தன் மெஷினை மண்ணெண்ணெயும் வேஸ்ட் காட்டனும் போட்டு அங்குலம் அங்குலமாகத் துடைத்தான். சந்தனம் குழைத்துப் பலகை முழுக்கப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டான். மூன்று இடத்து எழுத்தின் மேலும் பொட்டு. துடைத்த வேகத்தில் சுவிட்ச் திரும்பி மூன்றாவது இடத்தில் போய் நின்றிருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மெஷினை ஓட்டி, முதல் பீஸை எடுத்துச் சாமிக்கு வைப்பது எங்கள் வழக்கம். முதலாளி குளித்து வெள்ளை வேட்டி கட்டிக் கற்பூரத் தட்டோடு நின்றார். அவர் வீட்டம்மா, பிள்ளைகள், பட்டறை ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஏகா புதுச் சட்டை போட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். தகட்டை வைத்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டான்.

"மச்சான், தேர்ல நிக்குதே, பரவால்லியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். திருப்பி வைடா என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். ஏன் திருப்புகிறாய், அது ஆயிலுக்குத்தானே என்று முதலாளி கேட்டால்? அத்தனை பேர் முன்னால்?

"அது ஒண்ணுமில்லடா. போடு" என்றேன்.

ஏகா பெடலை மிதித்தான். தலை இறங்கி ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள். ஏகா காலை எடுத்துவிட்டு, பீஸை எடுக்க வலது கையை உள்ளே விட்டான். தலை மறுபடியும் இறங்கியது.

அதற்கு மேல் எழுத மாட்டேன். நீங்கள் குழந்தைகள். நான் ஓடிப்போய் மெயினை அணைக்கும்வரை அது இறங்கிக்கொண்டே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கட்டை விரல் தவிர நாலு விரலும் போய்விட்டது. அணைத்துவிட்டுத் திரும்பினேன். முதலாளி கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்களிடம் ஏகா சொன்னான்: "நான்தான் சார் தொடைக்கறப்ப தெரியாம திருப்பிட்டேன்." அவர்கள் போன பிறகு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன்தான் பேசினான். "நீ எதுனா ஒளறி வெக்காத. செல்வி கைக்கொயந்த. எனக்குப் போனது போச்சி."

செல்வி, உனக்கு அப்போது ஒரு வயசு.

5

நாலாம் நிலை வகுப்பு வாரத்தில் மூன்று மாலை. மொத்தம் ஒன்பது பேர். ஆசிரியை ஒரு பத்தியைப் படித்து, "புரிந்ததா?" என்பார். ஒன்பது பேரும் "புரிந்தது" என்போம். நானும் சொல்வேன். கேட்டால் எனக்குப் புரியத்தான் செய்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பான்காரர் பக்கத்தைத் திருப்பும்போது நானும் திருப்புவேன், அவர் சிரித்தால் சிரிப்பேன். மூன்று நாள் சமாளித்துவிட்டால் போதும் என்பது எனக்குப் பழகிய வித்தைதானே. மூன்று வாரம் சமாளித்துவிட்டேன்.

நாலாவது வாரம், வெளியே நல்ல மழை. ஆசிரியை அதையே பாடமாக்கினார். 'மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்கிறது' என்று வாயால் சொன்னார். 'தொடர்ந்து' என்ற சொல் பட்டறையில் எனக்கு நாள் முழுக்கப் பழகிய சொல். பிறகு அந்தச் சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதினார். இரண்டு எழுத்து.

தேர்.

கீழே சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி அதே எழுத்து. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது இடத்தில் மெஷின் என்ன செய்யும் என்பது விஜயதசமி அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது. என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம். இந்த ஊருக்கு வந்தும் இரண்டு வருஷம், மெஷினில் பலகை பொருத்துகிற கட்டடத்துப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். பெரிய எச்சரிக்கை ஏதாவது, மண்டை ஓட்டுப் படம் போடாத குறையாக, எங்களைப் போன்றவர்களுக்கு விளங்காத கடினமான வார்த்தையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசியில் அது மழைக்குச் சொல்கிற வார்த்தை. நான் தினமும் வாயால் பேசுகிற வார்த்தை.

"இதைப் படியுங்கள்" என்று ஆசிரியை என்னைக் காட்டினார். பக்கத்திலிருந்த ஜப்பான்காரர் உதவி செய்கிற மாதிரி தொண்டையைக் கனைத்தார். படித்திருப்பேன். இப்போதுதானே அவர் வாயால் சொன்னார், அதைத் திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் எனக்குப் பலகை தெரியவில்லை. தகட்டை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிய முகம்தான் தெரிந்தது. பரவால்லியா என்று கேட்கிற முகம்.

"தெரியாது" என்றேன்.

ஆசிரியை சிரித்தார். "இப்போதுதானே சொன்னேன்."

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. முதல் நாள் நான் சொன்னது பொய்."

வகுப்பு முடிந்ததும் என்னை உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனசு அவருக்கு. "பரவாயில்லை, இங்கேயே இருங்கள், பேச்சுக்கே மதிப்பெண் போட்டு ஆறு மாதத்தில் சான்றிதழ் தருகிறேன். கம்பெனிக்குக் காகிதம்தானே வேண்டும்? முதல் நிலையில் போய் என்ன செய்வீர்கள், தூங்கிவிடுவீர்கள்" என்றார்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போகிற மெஷினின் பலகையைப் பார்த்து, படித்தேன், சரி என்று கையெழுத்துப் போடப்போகிறேன். அதாவது மறுபடியும் 'போடு' என்று சொல்லப்போகிறேன். அந்தப் பக்கம் ஸ்டூலில் யார் உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியாது.

"என்னை முதல் நிலைக்கு இறக்கிவிடுங்கள்" என்றேன்.

ஆபீஸில் அதற்குப் படிவமே கிடையாது. 'மேல்நிலைக்கு மாற்றம்' என்றுதான் அச்சடித்து வைத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் மூன்று தடவை என்னைப் பார்த்தாள். கடைசியில் 'மேல்' என்பதைப் பேனாவால் அடித்து 'கீழ்' என்று எழுதி, அடித்த இடத்தில் சின்ன முத்திரை குத்தினாள். நிலைக்கு ஆறு மாசம். நாலு நிலைக்கு இரண்டு வருஷம்.

6

அம்மா அப்போது உங்களை வைத்துக்கொண்டு ஆவடி சேக்காட்டில் உங்கள் மாமா வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெருமுனை டெலிபோன் பூத்தில் வந்து நிற்பாள், நான் இங்கேயிருந்து போடுவேன்.

"பொங்கலுக்கு அங்க கீறோம்னு தெரு பூரா சொல்லிட்டேங்க" என்றாள் எடுத்தவுடனே.

"கொஞ்சம் லேட்டாவும் சரோ."

"எத்தினி நாளு?"

"ரெண்டு வருஷம்."

விஷயத்தைச் சொன்னேன். பாதியைச் சொன்னேன்.

"பையன் ஃபெயிலானாகூட மேல ஏத்தி வுடுங்கனு வாத்தியார் கால்ல வுயுவாங்க. நீ இன்னாடான்னா பாஸ் போடறேன்னவங்க கையப் புடிச்சிகினு எறக்கு எறக்குன்றியா? மூள கீதா உனக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியல சரோ."

"படிக்கவா போனே? வேல பாக்கத்தானே போனே?" அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "உண்மையச் சொல்லு. அங்க எவளாச்சும் கீறாளா?"

"சீ. இல்லடி."

"அப்ப இன்னாதான் கீது அங்க? நானும் மனுஷிதான? புள்ள போட்டோவப் பாத்து அங்கிள்னு சொல்றான்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். "பின்னாடி ஆளுங்க காத்துகினு கீறாங்க, வெச்சிடறேன்" என்றேன். பின்னால் யாரும் இல்லை. சரோஜா, நீயும் இதைப் படிக்கப்போகிறாய். பின்னால் யாரும் இல்லை.

முதல் நிலையில் என்னோடு இருந்தவர்கள் இங்கே மருமகளாக வந்த இரண்டு இந்தோனேசியப் பெண்கள், ஒரு பாதிரியார். ஆசிரியை என்ன கேட்டாலும் நான் முதலில் பதில் சொல்லிவிடுவேன், 'மேல், கீழ், பெரிது, சிறிது' எழுதச் சொன்னால் அந்தப் பெண்கள் முடித்துவிட்டு என் நோட்டை எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் பத்துத் தடவை எழுதினேன். 'வண்டி' என்ற எழுத்து வந்த அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏகா தேர் என்று சொன்னதன் உள்ளே இருந்தது அந்த எழுத்துதான். அதன் கீழே வளைந்து ஓடுவது நடக்கிற குறி. எழுத்தே தெரியாத ஏகா அதைப் பாதி படித்திருந்தான்.

7

நாலு நிலையும் முடித்து, உங்களைக் கூட்டிவர ஊருக்கு வந்தேன். விமான நிலையத்தில் பிரபு என்னைப் பார்த்து, "அங்கிள், எங்கப்பா வர்ல?" என்று கேட்டதை நீங்கள் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நானும் கூடச் சிரிக்கிறேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போனேன். ஏகா அங்கே சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாய்யா பாரின் ஆளு!" என்று இடது கையால் என் தோளில் ஒன்று வைத்தான். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தான்.

டீ வந்தது. கொஞ்ச நேரம் ஊர்க் கதை ஓடியது. அப்புறம் அவனே கேட்டான்.

"ஆமா மச்சான், அந்தத் தேருல இன்னாதான் எயுதியிருந்தது? இப்ப உனக்கு அந்த பாஷ தெரியும்ல?"

"தொடர்ந்து."

"இன்னா தொடர்ந்து?"

"அவ்ளோதான். தொடர்ந்துன்னு போட்டிருந்தது. அதுல நீ தேர்னு சொன்னே இல்ல, அது நெஜமாவே வண்டிதான்."

ஏகாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா! பள்ளிக்கூடத்துப் பக்கமே போவாதவன் நானே பாதி படிச்சிட்டேன். நீ முயுசா படிக்க எத்தினி நாளாச்சி?"

"ரெண்டு வருஷம்."

"ஒரு வார்த்தைக்கா? அடப்பாவி, மக்குடா நீ."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஒன்பது வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். "ஏகா, அன்னிக்கு எனக்குத் தெரியாதுடா. ஆயிலுக்குன்னு சொன்னது சும்மா அடிச்சிவுட்டது."

அவன் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் மச்சான். தெரிஞ்சவன் ஒருவாட்டியாச்சும் திருப்பிக் காட்டியிருப்பான்."

"அப்புறம் ஏன்டா மிதிச்சே?"

"இன்னா பண்ண சொல்றே? மொதலாளி கற்பூரத்த ஏத்திகினு நிக்கறாரு. எல்லாரும் உன் மூஞ்சியப் பாத்துகினு கீறாங்க. நான் எயுந்துபோயி திருப்பி வெச்சா, உன் மானம் போவாதா? நீதானே என்ன வேலைக்கு சேத்தே."

ரயிலுக்கு நேரமானபோது, கடிதம் போட வேண்டும், விலாசம் கொடு என்றேன். ஒரு ரசீதுத் தாளின் பின்பக்கம் இடது கையால் எழுதிக் கொடுத்தான். பொண்ணு சொல்லிக்கொடுத்ததாம். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "இப்பதான் ரெண்டாங்கிளாஸ் வந்துகீறேன், சிரிக்காத" என்றான்.

அவனுக்குக் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இன்னொரு குரலும் கேட்கிறது. முன்னெல்லாம் நான் 'போடு' என்று சொன்னதுதான் கேட்கும். இப்போது, அவன் மெல்லக் கேட்டது கேட்கிறது. அத்தனை கூட்டத்தில் அவன் ஏன் அவ்வளவு மெல்லக் கேட்டான் என்பது தெரிந்ததனால்.

செல்வி, இங்கே வந்ததும் பத்து வயசுப் பெண்ணான உன்னை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு எழுத்துப் படிக்க உட்காரவைத்தார்கள். ஆவடியில் முதல் ரேங்க் வாங்கினவள் நீ. நான் போய்ச் சண்டை போட்டு மேல் வகுப்பில் சேர்ப்பேன் என்று எதிர்பார்த்தாய். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி நீ என்னோடு பேசவில்லை. அதற்கு இதுதான் காரணம், வேறெதுவும் இல்லை.

ரெண்டு வருஷம் உங்களுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன், திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவன் மானத்துக்காகவும் மிதிக்காதீர்கள். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது.

8

மேலே இருப்பதை நேற்று எழுதி முடித்தேன். அதற்கப்புறம் நடந்த ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன்.

இன்றைக்கு மெட்ராஸுக்குப் போகிற மெஷின் ஒன்று பெட்டியில் ஏறக் காத்திருந்தது. பலகையில் எல்லாம் சரியாக இருந்தது. சீனத்தில் இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது. படித்தேன், கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நான் மட்டும் திரும்ப வந்தேன். வேஸ்ட் காட்டனை எடுத்து ஏகா துடைப்பது மாதிரி பலகையை அழுத்தித் துடைத்தேன். சுவிட்ச் திரும்பி மூன்றாவது இடத்தில் போய் நின்றது. எவ்வளவு லேசாகத் திரும்புகிறது அது.

அதை முதல் இடத்துக்குத் திருப்பி வைத்தேன். இரும்பில் எழுதுகிற வெள்ளைப் பெயின்ட் பேனாவை இடது கையில் பிடித்து, மூன்றாவது இடத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன்: 'தொடர்ந்து இறங்கும். கையை உள்ளே வைக்காதே.'

எழுத்து எல்லாம் கோணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி வந்தது. துடைத்துவிட்டு வலது கையால் எழுதலாமா என்று பார்த்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டு, பெயின்ட் காயும்வரை பக்கத்தில் நின்றேன்.